மண்வெட்டியும் அகப்பையும்

நம் நாட்டுப் பாடசாலைகளிலே 'தோட்டம்' என்னும் சொல் நெடுங்காலமாக இரு பொருளில் வழங்கிவந்தது. நேரசூசியிலே பாடமாக எழுதப்பட்ட தோட்டம் ஒன்று. பிந்தி வந்தவனையும் வாய்ப்பாடு சொல்லத் தெரியாதவனையும் நோக்கி, "போய்த் தோட்டத்திலே புல்லுப் பிடுங்கு" என்று ஆசிரியர் சினந்து கூறும்போது வரும் தோட்டம் மற்றொன்று. கமத்தொழிலைக் கல்வியாக்க முனைந்த திட்டங்கள் இத்தீவிலே ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தமைக்குக் காரணம் தேடுவோர், ஆணைக்குழு அறிக்கைகளைப் புரட்டுமுன் இவ்விரண்டாவது பொருளைச் சற்றே சிந்தித்தல் நன்று.

திட்டங்களுக்குக் குறைவிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜே. சீ. வில்லிஸ் என்பார் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த காலத்திலேயே, பாடசாலைத் தோட்ட முயற்சி இங்கு தொடங்கிவிட்டது. 1904இல் இலங்கைக் கமத்தொழிற் சங்கமும் 1912இல் கமத்தொழில் திணைக்களமும் தோன்றின. 1930களிலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெசவில் கிராமியக் கல்வித் திட்டம் உருப்பெற்றது. சூழலிலுள்ள தொழிலையே கல்விக்கு அச்சாணியாக்கும் எண்ணம் அது. காந்தியடிகள் 1937இல் வார்தாவிலே ஆதாரக் கல்வியை எடுத்துரைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஹந்தெச முயற்சி அரும்பியது என்பதை நம்மவருட் பலர் அறியார். இலவசக் கல்விக்கு வித்திட்ட கன்னங்கரா குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும் செயன்முறைப் பாடசாலை என ஒரு வகையைத் தனியே வகுத்தது. தனியே வகுத்தமைதான் குறை. கூரிய மதியுடையோர் ஒரு பாடசாலைக்கு, ஏனையோர் மண்வெட்டிக்கு என்று பிரித்தபின், எந்தத் தந்தை தன் மகனை மனமுவந்து மண்வெட்டிக்கு அனுப்புவான்?

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இக்குறையை உணர்ந்து, தொழின்முன்னிலைப் பாடங்களை எல்லா மாணவர்க்கும் பொதுவாக்கிற்று. அதன் முதற் பயனாளருள் யானும் ஒருவன். பயனாளன் என்ற சொல் பொருந்துமோ அறியேன். வலிகாமத்துச் செம்மண்ணிலே எங்கள் பாடசாலை இருந்தது. ஆதலால் வெங்காயமும் மிளகாயும் எமக்குப் பாடமாயின. கற்பித்தவர் வரலாற்று ஆசிரியர். நல்லவர், சேர் பொன்னம்பலம் இராமநாதனைப் பற்றி மணிக்கணக்கில் உணர்ச்சியோடு பேசுவார். வெங்காயப் பாத்தியின் வரம்பிலே கையேட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற கோலம் இன்றும் கண்முன் நிற்கின்றது. மாணவருட் பாதிப்பேர் காலையில் இறைப்பு முடித்துவிட்டுப் பாடசாலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அவர் நடுகை இடைவெளியைக் கற்பித்தார்.

ஒருநாள் என் வகுப்புத் தோழனின் தகப்பனார் தோளிலே துவாயுடன் வந்து, வேலிக்கு வெளியே நின்றபடியே கூறினார்: "மாஸ்ரர், கொத்தவும் தண்ணி மாறவும் நான் பழக்குவன். நீங்கள் பொடியனுக்கு எழுத்தைச் சொல்லிக் குடுங்கோ."

ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. அந்தத் தகப்பனாரின் நிலையும் எண்ணத்தக்கது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போன காலம் அது. அப்பணத்தைக் கொண்டு மகனைத் தோட்டத்திலிருந்து கரையேற்ற அவர் எண்ணியிருந்தார். பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்து தமிழ் மாணவரின் வாயில் ஒடுங்கியதும் அதே ஆண்டுகளில்தான். ஒருபுறம் வாயிலை ஒடுக்கிவிட்டு, மறுபுறம் கையிலே மண்வெட்டியைத் தருகின்றார்களே என்று பெற்றோர் ஐயுற்றனர். அந்த ஐயத்தைப் போக்குவார் இல்லை. 1977இல் ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. இறக்குமதியும் திறந்துவிடப்பட, வெங்காய விலையும் வீழ்ந்தது.

கானா நாட்டுப் பாடசாலைகளை ஆராய்ந்த பிலிப் பொஸ்ரர் என்னும் அறிஞர், 1965இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனையே வேறோரிடத்தில் கண்டு கூறினார்: மாணவரின் தொழில் நாட்டத்தைத் தீர்மானிப்பது பாடத்திட்டமன்று, எத்தொழிலுக்கு எவ்வளவு ஊதியமும் மதிப்பும் கிடைக்கின்றன என்பதே. பாடசாலையிலே தோட்டம் வைத்தால் இளைஞர் நகருக்குப் போகாமல் நின்றுவிடுவர் என்ற எண்ணத்தை அவர் மாயை என்றார். அதனை யான் முற்றும் ஏற்கின்றேன். உழவரை உற்பத்தி செய்வதற்காகப் பாடசாலையிலே உழவைக் கற்பிப்பதாயின் அதை இன்றே நிறுத்திவிடலாம். வேலிக்கு வெளியே நின்ற தகப்பனார் சொன்னதே சரி. அவ்வேலையை அவர் நம்மிலும் நன்றாகச் செய்வார்.

ஆயினும் அவர் கற்பிக்க இயலாத ஒன்று அவருடைய கிணற்றுக்குள்ளேயே இருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளிலே தேங்கும் மாரி நீரே குடிப்பதற்கும் இறைப்பதற்கும் உரியது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் பொறி வந்தபின் அக்காவல் நீங்கிற்று. கரையோரப் பகுதிகளிலே மிகுதியாக இறைக்க இறைக்க உவர்நீர் உள்ளே ஏறுகின்றது. பயிருக்கு அளவின்றி இட்ட யூரியாவின் எச்சம் நைத்திரேற்றாக மாறி, மழைநீரோடு பாறைப் பிளவுகளால் இறங்கிக் கிணற்றிலே சேர்கின்றது. குடிநீர் ஓர் இலீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறப்பட்டுள்ளதென ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. நிறமில்லை, மணமில்லை, பால்மாவிலே அந்நீரைக் கலந்து கைக்குழந்தைக்கு ஊட்டும் தாய்க்கு அது தெரியாது. பரம்பரையாக வந்த கமக்காரனின் கண்ணுக்கும் தெரியாது.

பாடசாலைத் தோட்டம் இங்கேதான் தன் உரிமையை நாட்ட வேண்டும். கயிறும் கல்லும் கொண்டு கிழமைதோறும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, ஆண்டு முழுவதும் குறித்து வைக்கும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் தகப்பனிடம் கொண்டுபோவதற்குப் புதிய செய்தி ஒன்றை உடையவனாகின்றான். ஒரு பாத்திக்குச் சணலைப் பசளையாக மடக்கியும், அடுத்த பாத்திக்கு யூரியா இட்டும், மூன்றாவதற்கு ஒன்றும் இடாமலும் விட்டு, விளைச்சலை நிறுத்துப் பார்ப்பவனுக்கும் அவ்வாறே. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசு ஒரே நாளிலே தடைசெய்து, விளைச்சல் வீழ, சில மாதங்களில் அத்தடையை நீக்கியதை நாம் கண்டோம். ஒரு சாரார் சேதனப் பசளையைத் தெய்வமாக்கினர். மற்றொரு சாரார் யூரியாவைத் தெய்வமாக்கினர். மூன்று பாத்திகளை ஒப்பிட்டு நிறுத்துப் பார்த்துப் பழகிய ஒரு தலைமுறை அவ்விவாதத்தில் இருந்திருப்பின் அது வேறு விதமாக நடந்திருக்கும் என எண்ணுகின்றேன். அடுத்த ஆண்டு உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டுத் தோட்டம் செய்க என அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. விதை எவ்வளவு ஆழத்தில் ஊன்றப்படல் வேண்டும் என்று என்னிடம் தொலைபேசியில் வினவிய பட்டதாரிகள் மூவர்.

இனி அகப்பைக்கு வருவோம். தோட்டத்திலே விளைந்தது சந்தைக்குப் போவதோடு பாடம் முடிந்துவிடுவதாக நம்மவர் கொள்கின்றனர். அடுப்படிக்கு வரும் வழியிலேதான் கல்வி கனிகின்றது. நாம் நாளும் உண்ணும் புழுங்கலரிசியையே எடுத்துக்கொள்வோம். மலாயாவிலே மருத்துவராயிருந்த பிரடன் என்பார் ஒரு புதுமையைக் கண்டார். தீட்டிய பச்சையரிசியுண்ட சீனத் தொழிலாளர் 'பெரிபெரி' நோயால் மடிந்துகொண்டிருக்க, அதே நாட்டிலே புழுங்கலரிசியுண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரிதும் அணுகவில்லை. 1907இல் வெளியிட்ட நூலில் அவர் இதனை விரித்தெழுதினார். அவர் கற்பித்த காரணம் பிழை. அரிசியிலே பூஞ்சணத்தின் நஞ்சு உண்டாவதாக எண்ணினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்கிவிடுகின்றது என்பது பின்னரே தெளிவாயிற்று. முற்றத்திலே நெல் அவித்த நம் பாட்டிமார் உயிர்ச்சத்தின் பெயரை அறியாதவர்கள். அவர்களுடைய பானையிலிருந்து தொடங்கும் விஞ்ஞான பாடத்தை எந்த மாணவன் மறப்பான்?

மரவள்ளிக்கிழங்கைத் திறந்த பானையிலே அவிக்க வேண்டும் என்பதும் அப்பாட்டிமார் வழக்கே. கிழங்கிலிருந்து பிறக்கும் ஐதரசன் சயனைட்டு ஏறக்குறைய 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகின்றது. மூடி இல்லையேல் வெளியேறிவிடும். மரவள்ளி உண்ட அன்று இஞ்சி தொடலாகாது என்றும் அவர்களே கூறுவர். அதற்குரிய காரணம் முன்னதைப்போல் அத்துணைத் தெளிவன்று. இரண்டையும் பிரித்தறியப் பழக்குவதற்குப் பாடசாலையிலே அடுப்பு வேண்டும். ஒடியல் மாவை நீரிலே ஊறவிட்டுக் கைப்பை அகற்றிய பின்னரே பிட்டவிப்பது ஏன் என்பதும் அந்த அடுப்பருகிலே கேட்கத்தக்க வினா.

ஆயின், அடுப்பருகே யார் நிற்பது? எங்கள் காலத்திலே ஆண்பிள்ளைகள் தோட்டத்திற்கும் பெண்பிள்ளைகள் மனையியல் அறைக்கும் போயினர். விளைவித்தவன் சமைக்கக் கற்கவில்லை. சமைத்தவள் விளைவிக்கக் கற்கவில்லை. அண்மைக்காலச் சாதாரண தரப் பாடத்திட்டத்திலும் விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் என்பது ஒரு பாடம், மனைப்பொருளியல் வேறொரு பாடம். இரண்டும் ஒரே தொகுதியிலே இருந்தமையால் ஒன்றைத் தேர்ந்தவர்க்கு மற்றது இல்லை. அயோத்தியிலே இருதுபன்னனுக்குச் சமைத்த நளனும், விராட நகரிலே மடைத்தொழில் புரிந்த வீமனும் ஆடவரே என்பதை நம் புலவர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சிறுபாணாற்றுப்படை வீமனுடைய மடைநூல் ஒன்றையே சுட்டுவதாக உரைகாரர் பொருள் கொள்வர்.

இன்னொன்றும் உண்டு, அதை மறைத்து எழுதுவது முறையன்று. 1930ஐ அண்டிய ஆண்டுகளிலே சமமான ஆசனத்தில் பிள்ளைகள் இருப்பதற்கே எதிர்ப்பெழுந்து, பாடசாலைக் கொட்டில்கள் தீக்கிரையான நாடு இது. யார் சமைத்ததை யார் உண்பது என்னும் வினா நம் ஊர்களிலே இன்னும் முற்றாக ஓயவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அடுப்பிலே சமைத்து ஒரே பந்தியிலே உண்பதற்கு, எந்தச் சட்டத்தையும் விட எளிய வழி சமையற் பாடமே. மலையகத்திலோ நிலைமை வேறு. பரம்பரையாக மண்ணோடு பிணைக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளையிடம் மண்வெட்டியைத் தரும் ஆசிரியர், அது அப்பிள்ளையின் பெற்றோருக்கு எதை நினைவூட்டும் என்பதை உணர்ந்தே தரவேண்டும்.

என் ஆசிரிய வாழ்விலே பாடசாலைத் தோட்டங்கள் பல அழிந்ததைக் கண்டேன். பூச்சியாலோ நோயாலோ அழிந்தவை சிலவே. மே மாதத்திலே பாத்தி கட்டுவோம். கத்தரி பூக்கும் வேளையில் ஓகஸ்ட் விடுமுறை வந்துவிடும். வடக்கிலே அது கடுங்கோடை. வெளிவாயில் பூட்டப்பட்டுவிடும். மூன்று கிழமை கழித்துத் திரும்பிவரும் பிள்ளைகள் காய்ந்த செடியைப் பிடுங்கி வேலிக்கப்பால் எறிவார்கள். புதிய பாடத்திட்டம் வரையும் பெரியோரிடம் யான் கேட்பது ஒன்றுதான்: அந்த மூன்று கிழமையும் தண்ணீர் ஊற்றுபவர் யார், அவருக்குரிய கூலி எந்த நிதியிலிருந்து வரும் என்பதை முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.