சித்திர சபை வாசலில்

குற்றாலம் சித்திர சபையில் கூத்தப்பெருமான் ஓவியமாக எழுந்தருளியிருக்கிறார், அசையாமலே ஆடுகிறார். பதினோரு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயுடன் வாழும் என் மனைவி அங்கே நெடுநேரம் அமர்ந்திருப்பாள்.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோயைக் கைநடுக்கம் என்றே பலரும் எண்ணுகின்றனர். எங்களை வாட்டுவது நடுக்கம் அன்று. மூளையில் டோபமின் குறைவதால், வாசற்படி கண்டதும் அவள் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிடிவாதம் என்று நினைத்துக் கடிந்திருக்கிறேன். கையைப் பற்றி இழுத்து ஒருமுறை இருவருமே விழுந்தோம்.

தென்காசி காசி விசுவநாதர் கோயில் பிராகாரத்தில் மட்டும் தடையின்றி நடந்தாள். மருத்துவரிடம் கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. தரையில் பாவிய கற்களின் இணைப்புக் கோடுகள்! குறுக்கே கோடு தெரிந்தால், அதைத் தாண்டக் கால் தானே எழுமாம். வீட்டுக் கூடத்தில் அன்றே வெள்ளை நாடா ஒட்டினேன்.

மாத்திரைக்குப் புரதம் பகை. ஆகவே சுண்டல் பிரசாதம் அவள் மடியில் அரைமணி நேரம் காத்திருக்கும்.

சென்ற சாரலில் சித்திர சபை வாசலில் உறைந்து நின்றாள். கோடாக என் பாதத்தைக் குறுக்கே வைத்தேன்.

“உங்க காலைத் தாண்டவா? பாவம் வந்து சேராதா?” என்றாள்.

குடையை மடக்கிக் கீழே வைத்தேன். தாண்டினாள்.