சேர்வராயன் கணக்கில் பூஜ்யம்

சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறையில் புதைபடிவம் எத்தனை? பூஜ்யம். தேடிச் சலித்துப் போட்ட பூஜ்யம் இல்லை, கணக்குப்படியே வருவது. ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஓரத்தில் வெட்டுண்டு தெரிகிற கருங்கல்லுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சுமார் 25 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருமாறிய கல் அது. மேலே கிடந்த 25 கிலோமீட்டரும் கரைந்துபோன பிறகே வெளியே வந்தது. சராசரி பார்த்தால் லட்சம் ஆண்டுக்கு 1 மீட்டர். அந்தச் சூட்டில் எந்த உயிரின் அச்சும் தங்காது. அன்று பூமியில் இருந்ததும் நுண்ணுயிர் மட்டுமே.

இலை வடிவ உயிர்கள் வந்தது அதற்கு 190 கோடி ஆண்டு கழித்து. எடியகாரன் காலம் என்பது 63.5 கோடி முதல் 53.9 கோடி ஆண்டுக்கு முன்பு வரை. அதில் பேர்போனது சார்னியா. 1957-இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் ரோஜர் மேசன் என்ற பள்ளி மாணவர் பார்த்துச் சொன்னார். ஓராண்டு முன்பே டீனா நீகஸ் என்ற சிறுமியும் அதைப் பார்த்திருந்தார். அவ்வளவு பழைய பாறையில் புதைபடிவம் இருக்காது என்று ஆசிரியை முடித்துவிட்டார். சார்னியாவுக்கு வாய் இல்லை, குடல் இல்லை. வெளிச்சம் எட்டாத ஆழ்கடலில் நின்றதால் செடியும் இல்லை. நியூஃபவுண்ட்லாந்தில் கிடைத்த இதன் உறவினம் ஒன்று ஏறக்குறைய 2 மீட்டர் நீளம்.

இந்தியாவின் எடியகாரன் பதிவேட்டில் ஏறிய வரவுதான் சுவையானது. 2020 மார்ச்சில் போபால் அருகே பீம்பேட்கா குகையில், தரையிலிருந்து 11 அடி உயரத்தில், 17 அங்குல நீளத்தில் நரம்போடிய இலை போல ஒன்று தென்பட்டது. அதே எடியகாரன் கால உயிரான டிக்கின்சோனியா என்றார் புதைபடிவ ஆய்வாளர் கிரிகரி ரிடாலக். 2021-இல் ‘கோண்ட்வானா ரிசர்ச்’ இதழில் கட்டுரை வந்தது. அதன்படி அந்த விந்திய மணற்கல்லுக்கு வயது 55 கோடி. ஆனால் அதிலுள்ள ஜிர்கான் மணிகள் முன்பே 100 கோடிக்குமேல் என்று காட்டியிருந்தன. ஒற்றைக் கறையை நம்பினால் 45 கோடி ஆண்டைத் தள்ளுபடி செய்ய வேண்டும்!

தள்ளுபடி நடக்கவில்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மீர்ட் குழு நேரில் போய்ப் பார்த்தது. ‘புதைபடிவம்’ பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் தேனடையின் கண்ணறைகள். பக்கத்திலேயே மலைத்தேனீக்களின் கூடுகள். கலைந்த கூட்டின் மிச்சம் அது என்று 2023-இல் எழுதினார்கள். ரிடாலக்கும் ஒப்புக்கொண்டார். வரவு இரண்டே ஆண்டில் அடிக்கப்பட்டது. இவ்வளவு சீக்கிரம் அடிக்கப்படும் கணக்குகள் அறிவியலில் குறைவு.

ஏற்காட்டுப் பாறைகளிலும் தேனீ உண்டு, பாசி உண்டு. விரிசல்களில் மாங்கனீசு ஆக்சைடு பெரணி இலை மாதிரியே கறுப்பாகப் படர்வதும் எந்த ஊர்க் கல்லிலும் நடக்கக்கூடியது. இலை தெரிந்தால் முதலில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: பிசுபிசுத்து உரிந்து வந்தால் மெழுகு.