ஆர்கானிக் ஒயின் என்றால் ஆபத்தே இல்லையா?

"டாக்டர், இது ஆர்கானிக் ஒயினாம். ரசாயனமே கிடையாதாம். சாப்பாட்டோட ஒரு டம்ளர் குடிச்சா உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?"

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால், காரணம் தெரிந்தால்தானே மனதில் நிற்கும்? இத்தாலியின் புகழ்பெற்ற கியான்டி ஒயினையே எடுத்துக்கொண்டு பார்ப்போமா?

எங்கே விளைகிறது?

டஸ்கனி மாநிலத்தில் ஃபிளாரன்ஸ், சியனா நகரங்களுக்கு நடுவே உள்ள குன்றுகள்தான் இதன் தாயகம். அந்த நாட்டை ஆண்ட மூன்றாம் கோஸிமோ, கியான்டி மண்ணுக்கு எல்லை வகுத்து 1716-லேயே ஆணையிட்டார். இன்று 'கியான்டி கிளாசிகோ' என்று பெயர் போட வேண்டுமானால், சாஞ்ஜோவேசே என்ற கறுப்புத் திராட்சை குறைந்தது 80 சதவிகிதம் இருக்க வேண்டும். பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும்.

ஆர்கானிக் என்றால்?

செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் போடாமல் வளர்த்த திராட்சை என்று பொருள். ஆனால் பூஞ்சை நோய்க்குக் கந்தகமும் செம்புக் கலவையும் தெளிக்கலாம். செம்புக்கு மட்டும் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ என்று ஐரோப்பிய யூனியன் வரம்பு வைத்திருக்கிறது.

ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டும் இதில் இருக்கலாம். 2012-ல் வந்த விதிப்படி, இனிப்பில்லாத ஆர்கானிக் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதி. சாதாரண ஒயினில் இது 150. ஆக, குறைவுதானே தவிர, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்ஃபைட் இழுப்பை வரவழைத்துவிடும்.

எந்த உணவோடு சேரும்?

சாஞ்ஜோவேசேக்குப் புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். வாழைப்பூவை நறுக்கி வாயில் போட்டால் நாக்கு சொரசொரவென்று ஆகிறதல்லவா? துவர்ப்புச் சத்து, உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வருவது அது. கூடவே இறைச்சியோ பாலாடைக் கட்டியோ சாப்பிட்டால், துவர்ப்பு அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், நாக்கு தப்பித்துவிடும். அதனால்தான் கரி நெருப்பில் சுட்ட ஃபிளாரன்ஸ் மாட்டிறைச்சியும், ஆட்டுப்பாலில் செய்யும் பெக்கொரீனோ பாலாடைக் கட்டியும் இதற்கு ஜோடி.

பழைய ரொட்டியும் தக்காளியும் சேர்த்துச் செய்யும் கூழுக்கும் இது பொருந்தும். தக்காளிப் புளிப்புக்கு ஒயின் புளிப்பு ஈடுகொடுக்கும். வெள்ளை பீன்ஸ், கீரைக்கோஸ், ரொட்டி போட்டுக் கொதிக்க வைத்த ரிபொல்லீட்டா சூப்பில் ஆலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிடுவதும் டஸ்கனி வழக்கம்.

உடம்பு என்ன சொல்கிறது?

இதெல்லாம் நாக்கின் கணக்கு. ஈரலின் கணக்கே வேறு. 13 சதவிகித ஒயின் 150 மில்லி குடித்தால், சுமார் 15 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. திராட்சை எப்படி வளர்ந்திருந்தாலும் இந்த அளவு மாறாது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் அது ரத்தத்தில் மெதுவாக ஏறும், மாயமாகிவிடாது. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொன்னது.

சர்க்கரைக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, மது குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஈரல் நோயாளிகள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது.

'ஆர்கானிக்' என்ற முத்திரை தோட்டத்துக்குக் கொடுத்த நற்சான்றிதழ். அதைக் குடிப்பவரின் ஈரலுக்கும் சேர்த்துக் கொடுத்ததாக நினைக்காதீர்கள். இதுவரை குடிக்காதவர்கள், உடம்புக்கு நல்லது என்று நம்பி ஆரம்பிக்க வேண்டாம். அந்த டஸ்கனிச் சாப்பாட்டு மேஜையில் உடம்புக்கு நல்லது வேண்டுமென்றால் பீன்ஸ், கீரை, தக்காளி, ஆலிவ் எண்ணெய் இருக்கவே இருக்கின்றன. அவற்றைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்!