பரிசலில் ஒரு விடியற்காலம்

மேட்டூர் அணையைப் பார்க்கப் போகிறவர்கள் மதகையும் பூங்காவையும் சுற்றிவிட்டு, பொரித்த மீனை ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். நாமும் பல வருஷங்கள் அவ்விதமே செய்து வந்தோம். அந்த மீன் யாருடைய உழைப்பினால் நம் இலைக்கு வந்தது என்று ஒரு நாளேனும் விசாரித்ததில்லை.

விசாரிக்கும்படி செய்தவன் நம் வகுப்புப் பையன் ஒருவன். காலையில் முதல் பாடம் தொடங்கியதும் தூங்கி வழிவான். இரண்டு நாள் பெஞ்சியின்மேல் நிற்க வைத்தோம். மூன்றாம் நாள்தான் காரணம் கேட்கத் தோன்றியது. தாயார் காய்ச்சலாகப் படுத்திருக்கிறாள். தகப்பனாருக்குத் துடுப்புப் போட ஆளில்லை. பின்னிரவிலேயே எழுந்து அவன் போய் வருகிறான்! நமக்கு வெட்கமாகிவிட்டது. தாயார் குணமடைந்த பின், ஒரு நாள் அவர்களுடன் நாமே பரிசலில் ஏறினோம்.

1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை இது. 120 அடி நீர் நிற்கும்போது ஸ்டான்லி நீர்த்தேக்கம் ஏறக்குறைய 59 சதுர மைல் பரந்து கிடக்கும். அதன் அடியில் ஊர்கள் இருந்தன. நீர் மிகவும் வற்றும் காலங்களில் பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், மாதா கோயில் கோபுரமும் தலை காட்டுவதுண்டு.

பாறையும் மேடும் மறைந்திருக்கும் இத்தகைய ஏரிக்குப் பரிசலே தக்க வாகனம். மூங்கிற் பிளாச்சினால் பின்னிய பெரிய கூடை அது. முற்காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். அடி தட்டையாதலால் முழங்கால் ஆழத்திலும் மிதக்கும். கரை சேர்ந்ததும் ஒருவரே தூக்கிக் கவிழ்த்து விடலாம். ஆனால் முன்னும் பின்னும் இல்லாத அந்த வட்டம், துடுப்புச் சற்று ஓய்ந்தாலும் பம்பரமாய்ச் சுற்றும்.

"வாத்தியாரையா, எந்திரிச்சு நிக்காதீங்க, நடுவுல குந்துங்க" என்றார் தகப்பனார். பாடசாலையில் நாம் இடும் உத்தரவு அங்கே நமக்கே கிடைத்தது!

முதல் நாள் மாலையில் விட்ட செவுள் வலையை அந்த அம்மாள் பரிசலை நிறுத்திப் பிடிக்க, அவர் இழுத்தார். மேலே மிதவை, கீழே பாரம். நீருக்குள் சுவர்போல் வலை தொங்குகிறது. கண்ணுக்குள் தலையை நுழைத்த மீன், செவுள் மாட்டிக்கொள்வதால் பின்வாங்க முடிவதில்லை. வடநாட்டு ஆறுகளிலிருந்து வந்து இங்கே குடியேறிய கட்லா இரண்டும், 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் சிலவும் கிடைத்தன.

பாதி வலை இழுத்திருக்கையில் காற்றுக் கிளம்பிற்று. அலை விளிம்பைத் தாண்டி நம் மடியில் விழுந்தது. நமக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டோம். அவரோ வலைக் கயிற்றை விடாமல் பற்றிக்கொண்டார். அதன் முனையில் கட்டிய கல்லே நங்கூரமாகிப் பரிசலை நிறுத்தியது. அந்த அம்மாள் வாய் பேசாமல் தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். கால் மணி நேரத்தில் காற்றுத் தணிந்தது.

கரையில் கூடையைப் பார்த்தோம், பாதிகூட நிறையவில்லை. "இன்னும் சிறு கண் வலையானால் அதிகம் கிடைக்குமே?" என்றோம்.

"கிடைக்குமுங்க" என்றாள் அந்த அம்மாள். "இன்னைக்குக் கூடை ரொம்பும். குஞ்செல்லாம் போயிட்டா, அடுத்த வருசம் வெறும் தண்ணியத்தான் இழுக்கணும்."

வீட்டில் அன்று உலைக்கு அரிசி இருந்ததோ இல்லையோ, நாம் அறியோம். ஆயினும் நாளைய ஏரிக்காக இன்றைய கூடையைக் குறைத்துக்கொள்ளும் மனம் அங்கே இருந்தது. ஏரி நிலைப்பதற்குச் சட்டங்கள் வேண்டும். அவற்றைவிட அதிகமாக இம்மனம் வேண்டும். நாமும் கடையில் விரலளவு குஞ்சுகளை மலிவென்று வாங்காதிருந்தால், அதற்குச் சிறிது துணை செய்தவர்களாவோம். பரிசலில் போகிறவர்களுக்கு மிதவைச் சட்டை கிடைக்கச் செய்வதும் அவசியம்.

மறுநாள் அந்தப் பையனை மறுபடி நிற்க வைத்தோம். இம்முறை பெஞ்சியின்மேல் அல்ல, கரும்பலகைக்கு முன்னால். செவுள் வலையின் படத்தை வரைந்து அவன் விளக்கினான். வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை.