நிரூபணத்திற்கு முந்திய அறிவு

மனிதன் எதையும் அறியாதவனாகவே தாயின் வயிற்றிலிருந்து வெளிவருகிறான். செவியும் பார்வையும் இதயமும் அவனுக்கு அருளப்பட்டுள்ளன என்று அந்நஹ்ல் அத்தியாயம் (16:78) உணர்த்துகிறது. ஒன்றும் அறியாதவன் எங்கிருந்து அறியத் தொடங்குகிறான்? மெய்யியலின் ஆழமான வினாக்களுள் இதுவும் ஒன்று.

மன்திக் பயிலும் அரபுக் கல்லூரி மாணவர் இவ்வினாவைத் தொடக்கப் பாடங்களிலேயே சந்திக்கிறார். ஒன்றை மனத்தில் கொள்வது 'தஸவ்வுர்'. அதுபற்றி ஆம், இல்லை எனத் தீர்ப்பது 'தஸ்தீக்'. இவ்விரண்டிலும் சிந்தித்து அடைவது 'நளரி'. சிந்திக்காமலே தெளிவாயிருப்பது 'பதீஹி'. எல்லா அறிவும் நளரியாகவே இருக்க முடியாது. அவ்வாறாயின் ஒன்றை விளக்க மற்றொன்று என விளக்கம் முடிவின்றி நீளும், அது 'தஸல்ஸுல்'. அல்லது சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கும், அது 'தவ்ர்'. ஆகவே, விளக்கம் வேண்டாத கருத்துகள் சில இருந்தே தீரவேண்டும்.

அவை எவை? உள்ளது, பொருள், அவசியமானது ஆகியவை உள்ளத்தில் முதலாவதாகப் பதிபவை என்றார் இப்னு சீனா (980–1037). அவற்றைவிடத் தெளிவான வேறொன்றைக் கொண்டு அவற்றை வரையறுக்க இயலாது என்பது அவர் 'அஷ்ஷிஃபா'வில் காட்டிய காரணம்.

ஆனால், தெளிவாகத் தோன்றுவதெல்லாம் உண்மைதானா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) 'அல்முன்கித்' நூலில் தம்மையே இவ்வாறு கேட்டுக்கொண்டார்கள். நிழல் அசையவில்லை என்கிறது கண். அது நகர்வதை அனுபவம் காட்டுகிறது. விண்மீன் தீனார் அளவே என்கிறது கண். பூமியைவிடப் பெரியது என்கிறது கணிதம். கண்ணின் தீர்ப்பை அறிவு மாற்றியதுபோல், அறிவின் தீர்ப்பை மாற்ற அதற்கும் மேலான நீதிபதி ஒருவர் இருக்கக் கூடாதா? ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இந்த ஐயம் அவர்களைப் பிணியாக வாட்டியது. நிரூபணம் அதற்கு மருந்தாகவில்லை. நிரூபணத்தைத் தொடுப்பதற்கே அந்த முதலறிவுகள்தாம் தேவை. இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியாலேயே மீண்டதாக அவர்கள் எழுதினார்கள்.

ஐரோப்பாவில் இச்சிக்கல் 'காரணம்' என்னும் கருத்தைச் சுற்றி எழுந்தது. ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்வதையே காண்கிறோம். இடையிலுள்ள கட்டாயத்தைக் காண்பதில்லை. பழக்கமே அதைக் கற்பிக்கிறது என்றார் டேவிட் ஹியூம். இம்மானுவேல் காண்ட் 1781-இல் இதற்கு விடையிறுத்தார். ஒரு வீட்டைக் கூரையிலிருந்தும் பார்க்கலாம், அடித்தளத்திலிருந்தும் பார்க்கலாம். ஆற்றோட்டத்தில் செல்லும் படகையோ மேலிருந்து கீழாகவே காணமுடியும். இந்த மாற்றவியலா வரிசையை உணரக் காரணம் என்னும் கருத்து முன்னரே வேண்டும். அனுபவம் அதைத் தரவில்லை. அதுவே அனுபவத்தைச் சாத்தியமாக்குகிறது.

இவ்விடையை ஏற்பதற்கு ஒரு விலை உண்டு. அனுபவ எல்லைக்கு அப்பால் அக்கருத்து செல்லாது என்றார் காண்ட். அப்படியானால், தோன்றியவை அனைத்திற்கும் தோற்றுவிப்பவன் வேண்டும் என்னும் கலாம் அறிஞர்களின் சான்று என்னாவது? நெருப்பு பஞ்சை எரிப்பது கட்டாயமன்று என 1095-இல் 'தஹாஃபுத்'தில் வாதிட்ட கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் அச்சான்றை எவ்வாறு கையாண்டார்கள்?

இங்கே நுட்பமான வேறுபாடு ஒன்றுண்டு. நெருப்புதான் எரிக்கிறது என்பது காட்சியிலிருந்து பெற்ற முடிவு, அதில் கட்டாயமில்லை. இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடிய ஒன்று, இருப்பின் பக்கம் சாய ஒரு 'முரஜ்ஜிஹ்' வேண்டும் என்பதோ காட்சியிலிருந்து வந்ததன்று. இருக்கக்கூடியது என்னும் கருத்திலேயே அது அடங்கியுள்ளது என 'அல்இக்திஸாத்' நூலில் அவர்கள் நிறுவுகிறார்கள். ஹியூம் இதையும் மறுத்தார் என்பது மெய்யே. எனினும் பழக்கத்தைக் காட்டி முதலாவதை அசைப்பதுபோல் இரண்டாவதை அசைக்க இயலாது என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வறிஞர்களின் வழிகள் வேறுவேறு. ஆயினும் சிந்தனையின் முதற்படியை நிரூபணத்தால் கட்டியவர் இவர்களுள் எவருமில்லை. நிரூபிக்கப்பட்டதை மட்டுமே ஏற்பேன் என்பவரும் நிரூபிக்கப்படாத ஒன்றின்மீது நின்றுகொண்டுதான் அதைச் சொல்கிறார். அவ்வாறே, 'எப்படி அறிந்தீர்கள்?' எனக் கேட்கும் மாணவரை ஈமான் குறைந்தவராக நாம் எண்ணிவிடலாகாது. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எனப் போற்றப்படும் பேரறிஞரும் அக்கேள்வியைக் கடந்தே உறுதியை அடைந்தார்கள்.

வல்லாஹு அஃலம்.