பந்தும் போதனையும்

கோடை விடுமுறை தொடங்கியதும் ஐக்கிய அமெரிக்காவின் கிறிஸ்தவக் கல்லூரிகள் சிலவற்றிலிருந்து மகளிர் கூடைப்பந்தாட்டக் குழுக்கள் கடல் கடந்து செல்வதுண்டு. உல்லாசப் பயணமாயின் அதிற் புதுமையொன்றுமில்லை. இவர்கள் செல்வதோ சமயப் பணிக்கு. பத்து நாளோ இரண்டு கிழமையோ ஒரு நாட்டிலே தங்கி, மாலையில் அவ்வூர்க் கழகங்களுடன் ஆடுவர். காலையிற் சிறுவர் சிறுமியர்க்குப் பந்தெறியப் பழக்குவர். அநாதை இல்லங்களுக்குச் சென்று வருவர். ஆட்டத்தின் இடைவேளையில், வியர்வை உலருமுன்னரே, அவர்களுள் ஒருத்தி ஒலிபெருக்கியின் முன் வந்து நின்று, தான் இறைவனைக் கண்டுகொண்ட வரலாற்றைக் கூறுவாள். பக்கத்தில் நிற்பவர் அதனை வசனம் வசனமாக மொழிபெயர்ப்பார். பயணச் செலவுக்கு வேண்டும் பொருளைத் தத்தம் ஊர்த் திருச்சபையாருக்குக் கடிதம் எழுதித் திரட்டிக்கொள்வதும் இவர்களிடையே வழக்கம்.

விளையாட்டைத் தூண்டிலிரை ஆக்குவது முறையோ என்று இதனைக் கேட்டு முகஞ் சுளிப்போர் உளர். நல்லதைச் சொல்லுதற்கு எந்த மேடையானால் என்ன என்று வாதிப்போரும் உளர். இவ்வழக்கிலே தீர்ப்புக் கூறுமுன் அந்தப் பந்து எங்கிருந்து உருண்டு வந்தது என்பதை நோக்குதல் தகும்.

கூடைப்பந்தாட்டம் மெல்ல மெல்ல வளர்ந்த நாட்டு விளையாட்டன்று. ஒருவர் இருந்து எண்ணிப் படைத்தது. அவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1861 ஆம் ஆண்டு பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். மொன்றியல் நகரிலே மக்கில் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின்னர்ப் பாதிரியாராகும் நோக்கத்துடன் இறையியல் கற்றார். கற்குங்காலத்தில் முரட்டு உதைபந்தாட்டத்தையும் விட்டாரல்லர். வேத பாடசாலை மாணவனுக்கு இது தகுமோ என்று நண்பர்கள் வருந்தினர். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே, அவருக்கு அருகில் நின்ற ஆட்டக்காரன் சினம் மிக்குக் கெட்ட வார்த்தை பேசினான். உடனே திரும்பி, நீ நிற்பதை மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்ற கருத்துப்பட நெய்ஸ்மித்திடம் கூறினான். நெய்ஸ்மித் அவனை ஒருநாளும் கண்டித்தவரல்லர். மனிதரைத் திருத்துதற்குப் பிரசங்க பீடம் ஒன்றே வழியன்று என்று தமக்கு அன்று தோன்றியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

1891 ஆம் ஆண்டு டிசம்பரில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்த வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அவர் ஆசிரியர். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க விளையாட்டொன்று வேண்டும் என்பது தலைவரின் கட்டளை. பதினெட்டு மாணவர்; பக்கத்துக்கு ஒன்பதின்மர். அளவான பெட்டிகள் இரண்டு கேட்டார். காவலாளியிடம் இருந்தனவோ பீச் பழக் கூடைகள். பத்தடி உயரத்தில் அவை ஆணியால் அறையப்பட்டன. கூடை போய் இரும்பு வளையமும் வலையும் வந்து நெடுங்காலமாயிற்று. தமிழில் நாம் இன்றும் அந்தப் பழக் கூடையை விடாது ‘கூடைப்பந்து’ என்றே வழங்குகின்றோம்.

அவர் வகுத்த விதிகள் பதின்மூன்று. பந்தை ஏந்திக்கொண்டு ஓடுதல் ஆகாது. தோளால் இடித்தல், பற்றி இழுத்தல், தள்ளுதல் ஆகா. இலக்குத் தலைக்கு மேலே இருத்தலின் வலிந்து எறிந்தாற் பயனில்லை. மென்மையாக வளைத்தெறிதல் வேண்டும். பிறனை நோகச் செய்யாமை அங்கே உபதேசமாக அன்றி ஆட்டத்தின் இலக்கணமாகவே அமைந்துவிட்டது. பள்ளியிற் பயின்றோர் பந்தைப் பல தேசங்களுக்கும் கொண்டு சென்றனர். 1895 இல் அது சீனத்துத் தியன்சின் நகரை அடைந்துவிட்டது.

பெண்கள் கைக்கு அது வந்த வரலாறு வேறு. லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்திற் பிறந்த செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, 1892 இல் அயலூரிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் இதனைப் புகுத்தினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் இரு வகுப்பு மாணவியர் பொருதனர், ஆடவர்க்கு அனுமதியில்லை. மென்மைக்குப் பங்கம் வராதிருக்க, பெரன்சன் ஆடுகளத்தைக் கோடிட்டு மூன்றாகப் பிரித்து, அவரவர் தத்தம் பகுதியிலேயே நிற்க வேண்டும் என்று விதித்தார். அவ்வாட்டம் இங்கிலாந்துக்குச் சென்று வலைப்பந்தாட்டமாக உருமாறியது. நம் பாடசாலைகளில் மாணவியர் இன்று எல்லைக் கோட்டைத் தாண்டாது பந்தை வீசும்போது, அந்த அம்மையார் கீறிய கோட்டின் வழித்தோன்றலையே மிதியாது நிற்கின்றனர்.

அமெரிக்காவிலோ அந்தக் கோடு நெடுங்காலம் விலங்காயிற்று. பெண்கள் ஊர்விட்டு ஊர் சென்று போட்டியிடுதல் உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் ஆகாதென்று கூறி, 1923 இல் தேசிய விளையாட்டுச் சங்கமொன்றின் மகளிர் பிரிவே முன்னின்று தடுத்தது. பல கல்லூரியாரும் ஒன்றுகூடி, அணிகளைக் கலந்து ஆடித் தேநீர் அருந்திப் பிரிவதே பெண்மைக்கு ஏற்றதெனப்பட்டது. விதிவிலக்காக நின்றவற்றுட் சில சமயக் கல்லூரிகள் என்பது வியப்பு. ரெக்சாஸ் மாநிலத்து வேலண்ட் பப்ரிஸ்ற் கல்லூரி மகளிர் 1953 முதல் 1958 வரை ஒரு தோல்வியுமின்றி 131 ஆட்டங்களில் வென்றனர். பென்சில்வேனியாவின் இமாக்குலாற்றா கத்தோலிக்கக் கல்லூரி மகளிர் 1972 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் முதலிடம் பெற்றனர். அவர்கள் ஆடுகையில் கன்னியாஸ்திரீகள் வாளிகளைத் தடியால் அடித்து ஆரவாரித்தனராம்! கல்லூரிப் பெண்கள் ஐவராய்க் களம் முழுவதும் ஓடியாட விதி இடங்கொடுத்தது 1971 இலேதான். கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதங் காட்டலாகாதென்ற சட்டம் வந்தது 1972 இலே.

ஆகவே, பெண்கள் குழுவொன்று விமானமேறி அயல்நாட்டு அரங்கிற் களம் முழுதும் ஓடுகின்றதென்றால், அவர் வாய் திறக்குமுன்னரே ஒரு செய்தி சொல்லப்பட்டுவிடுகின்றது. பெண்பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று கேட்கும் ஊரில், வேலியோரம் நிற்கும் சிறுமி அதனை மொழிபெயர்ப்பாளர் இன்றியே விளங்கிக்கொள்வாள்.

இடைவேளைப் பிரசங்கம் ஆடவர் குழுக்களால் வழக்கிற்கு வந்தது. 1952 இல் இந்தியானா மாநிலத்து ரெயிலர் கல்லூரிப் பயிற்றுநர் டொன் ஓடில் ஒரு குழுவுடன் தைவான் சென்று, ஆட்டத்தின் நடுவே பாடியும் போதித்தும் வந்தார். அம்முறையைப் பின்பற்றிப் பல இயக்கங்கள் தோன்றின. என் மனம் இங்கேதான் உறுத்துகின்றது. ஆட்டம் பார்க்க வந்தவன் பாதி ஆட்டத்தில் எழுந்து போகமாட்டான் என்பது பேசுவோர்க்குத் தெரியும். எதிரணிப் பெண்களோ எழுந்து போகவே இயலாதவர்கள். அவர்கள் வேற்றுச் சமயத்தினராயின் விருந்தினர்க்காக வாய்மூடி இருப்பர். சொல்ல விரும்புவோர் சொல்லட்டும். ஆட்ட அறிவித்தலிலேயே அதனையும் அறிவித்துவிட்டுச் சொல்லட்டும், அன்றேல் ஆட்டம் முடிந்தபின் விரும்பியோரை இருக்கச் செய்து சொல்லட்டும். நெய்ஸ்மித்திடம் மன்னிப்புக் கேட்டவன் பிரசங்கம் கேட்டுக் கேட்டவனல்லன். உள்ளூர் நடுவர் தவறாக விசில் ஊதும்போது முகம் எப்படி மாறுகின்றது, நாற்பது புள்ளி முந்தி நிற்கும்போது கை எவ்வாறு அடங்குகின்றது என்பவற்றையே ஊரார் பார்த்திருப்பர்.

பத்து நாட்பணியின் பயனைக் கிறிஸ்தவருள்ளேயே ஐயுற்றோர் உளர். கவனன்ற் கல்லூரியைச் சார்ந்த ஸ்ரீவ் கோர்பெற், பிறயன் பிக்கேர்ட் இருவரும் 2009 இல் வெளியிட்ட நூலில், குறுகியகாலப் பயணங்கட்குச் செலவாகும் பெரும்பொருளையும், உள்ளூரார் செய்யத்தக்கதை விருந்தினர் செய்து அவரைச் சிறுமைப்படுத்தும் தீங்கையும் எடுத்துக் காட்டினர். இதற்கு மறுதலையான சான்று நமக்குத் தொலைவில் இல்லை. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபையாருள் அருட்தந்தை யூஜின் ஹேபேர்ட் ஒருவர். புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்தைப் பழக்கி, அக்கல்லூரியின் பெயரை நாடறியச் செய்தவர். அவர் பத்து நாளில் விமானம் ஏறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம்மவரோடு நம்மவராய் இருந்து, 1990 ஆகஸ்ட் 15 இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வழியிற் காணாமற் போயினார்.

இருபது வயது மாணவியிடம் நாற்பது ஆண்டை எதிர்பார்த்தல் நியாயமன்று. அவள் பரீட்சைக்குத் திரும்ப வேண்டியவள். ஆயினும் இரு கிழமையிலும் கற்கத்தக்கது உண்டு. அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டத்தில், பந்து கைக்கு வந்தபின் கூடையை நோக்கி எறிதற்கு 30 செக்கன் அவகாசம். சர்வதேச விதியிலே 24 செக்கன்தான். கடல் கடந்த முதல் நாள் மாலையில் அவள் பழக்கதோஷத்தால் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பாள்; மணி ஒலிக்கும்; அவ்வூர் நடுவர் பந்தை வாங்கி எதிரணிப் பெண்ணின் கையிற் கொடுப்பார்.