வயிற்றைச் சுருக்கிய பிறகு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி நம் ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. ஒன்று விளம்பரப் பேச்சு: அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று இரண்டு புகைப்படம், நடுவில் குறைந்த கிலோக்களின் எண்ணிக்கை, கீழே ஒரு கைபேசி எண். மற்றது திண்ணைப் பேச்சு: வாயைக் கட்டத் துப்பில்லாதவர்கள் வயிற்றை அறுத்துக்கொள்கிறார்கள். கத்தி வைத்ததோடு காரியம் முடிந்துவிடும் என்று இருவருமே நம்புகிறார்கள். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரம் நடக்கும் அந்த அறுவை, சிகிச்சையில் ஒரு சிறு பகுதிதான். அதற்குப் பின்வரும் ஆண்டுகள்தான் மீதி. ஆகவே, செய்துகொள்ளலாமா என்று கேட்பவர், அந்த ஆண்டுகளை யார் கூட இருந்து பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் லைப்போசக்‌ஷன் வேறு, இது வேறு. அது உடலின் வடிவத்தைத் திருத்தும் அழகு சிகிச்சை. பசியை அடக்கவோ சர்க்கரை நோயைக் குணப்படுத்தவோ வந்ததல்ல. பேரியாட்ரிக் சர்ஜரி எனப்படும் எடைக் குறைப்பு அறுவை இரைப்பையிலும் குடலிலும் செய்வது. இன்று அதிகம் நடக்கும் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாயாக விட்டுவைக்கிறார்கள். ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியொன்றோடு இணைக்கிறார்கள். சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமலே போய்விடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் 1966இல் பைபாஸைத் தொடங்கியபோது, கொள்ளளவு குறைந்தால் சாப்பாடு குறையும் என்பதுதான் கணக்கு. பிறகுதான் அது பாதிக் கணக்கு என்று தெரியவந்தது. எடை இறங்குவதற்கு முன்பே, அறுவை முடிந்த சில நாட்களிலேயே, பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுவதை வால்ட்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவர் 1995இல் விரிவாக எழுதினார். பசியைத் தூண்டும் ‘க்ரெலின்’ ஹார்மோனை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது பெருமளவு சுரப்பது ஸ்லீவில் வெட்டியெறியப்படும் மேற்பகுதியில்தான். இந்த அறுவை வயிற்றின் அளவை மட்டுமல்ல, வயிறு மூளைக்கு அனுப்பும் செய்தியையும் மாற்றுகிறது.

திண்ணைப் பேச்சுக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பதிலைக் கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2016இல் தந்தார். ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் பட்டினியும் பயிற்சியுமாக மலைக்க வைக்கும் அளவுக்கு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அவர் குழு சோதித்தது. பெரும்பாலானவர்களுக்கு இழந்த எடையில் நிறையத் திரும்பியிருந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் உடல் சும்மா இருக்கும்போது எரிக்கும் ஆற்றல், அந்த உடல்வாகுக்கு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. இழந்ததை மீட்க உடல் அத்தனை பிடிவாதம் பிடிக்கிறது. பத்துப் பதினைந்து கிலோ கூடுதலாக உள்ளவர் நடந்தும் சோற்றைக் குறைத்தும் இறக்கிவிடலாம். ஐம்பது கிலோ கூடுதலாக உள்ளவரிடம் போய், ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தியோடு நிறுத்துங்கள் என்று சொல்வது அறிவுரையே அல்ல.

அறுவையால் நெடுங்காலத்தில் என்ன கிடைக்கிறது? இதில் மிக நீண்ட சாட்சியம் சுவீடனுடையது. 1987இல் தொடங்கிய அந்த ஆய்வில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், அதேபோன்ற உடல்நிலையில் அறுவை செய்துகொள்ளாத 2,037 பேரையும் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வயதையும் மற்ற காரணங்களையும் கணக்கில் கொண்டால், அறுவைக் குழுவில் மரண வாய்ப்பு 29 சதவீதம் குறைவாக இருந்தது. விளம்பரங்கள் சொல்லாத விவரமும் அதே ஆய்வில் உண்டு: பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் எடையில் 32 சதவீதத்தை இழந்தார்கள், பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாகிவிட்டது. அறுவை செய்துகொண்டாலும் எடை ஏறிவிடுமே என்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஏறத்தான் செய்கிறது. ஆனால் நூற்றிருபது கிலோக்காரர் பத்து ஆண்டுகள் கழித்தும் தொண்ணூறில் நிற்பது சின்ன விஷயமா? அறுவை செய்யாத குழுவின் எடை அத்தனை ஆண்டுகளிலும் இருந்த இடத்தைவிட்டுப் பெரிதாக அசையவில்லை. சர்க்கரையிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 150 பேரிடம் நடந்த ‘ஸ்டாம்பீட்’ ஆய்வின் ஐந்தாம் ஆண்டு முடிவில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை 6 அல்லது அதற்குக் கீழே வைத்திருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவில் 23, பைபாஸில் 29. பெரிய வித்தியாசம்தான். அதே சமயம், அறுவை செய்துகொண்டவர்களிலும் பெரும்பாலோர் அந்த இலக்கை எட்டவில்லை. ‘சுகருக்கு நிரந்தரத் தீர்வு’ என்று எழுதும் மருத்துவமனைகள் இந்த வரியை மறந்துவிடுகின்றன.

உயிர் பயம் நியாயமானது. 2024இல் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைக்கு வந்த இளைஞர் ஒருவர் இறந்தபோது சுகாதாரத் துறை விசாரணை நடத்தியது. செய்தி பல நாள் ஓடியது. அதற்கு எதிரே ஓர் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். தேர்ந்த அமெரிக்க மருத்துவமனைகளில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், முதல் முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். தையலில் கசிவு, காலில் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ரத்தக்கட்டி, ரத்தப்போக்கு ஆகியவைதான் முக்கிய ஆபத்துகள். வீட்டுக்கு வந்தபின் நாடித்துடிப்பு வேகமாகி, காய்ச்சலோ மூச்சிரைப்போ வயிற்றுவலியோ கூடவே வந்தால் ‘கேஸ் பிடிப்பாக இருக்கும்’ என்று இஞ்சிக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

இந்த ஆபத்துகளைத் தாண்டினாலும் நீண்ட வேலை இருக்கிறது. அறுவைக்கு முன்பே இரண்டு வாரம் போலக் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். கல்லீரல் சுருங்கினால் மருத்துவருக்கு வயிற்றுக்குள் இடம் கிடைக்கும். அறுவைக்குப் பின் முதல் நாட்களில் தெளிந்த ரசம், பருப்புத்தண்ணி, மோர், இளநீர். அதுவும் இருமல் மருந்துக் குப்பியோடு வரும் சின்ன மூடியில் ஊற்றி, கால் மணிக்கு ஒருமுறை ஒரு மூடி. சொம்பை அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்ளும் பழக்கம் அன்றோடு போயிற்று. அடுத்து அரைத்த உணவு, குழைந்த உணவு என்று படிப்படியாக வந்து, சாதாரணச் சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மாதமாகும். அப்போதும் ஓர் இட்லியைத் தின்று முடிக்க இருபது நிமிடம். அவசரமாக விழுங்கிய சோற்று உருண்டையோ சப்பாத்தித் துண்டோ நெஞ்சுக்குக் கீழே அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியே வந்தால்தான் நிம்மதி. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி கழித்துத்தான். பைபாஸ் செய்தவர் ஆசைக்கு ஒரு ஜாங்கிரியை வாயில் போட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று உடல் அங்கேயே தண்டனை கொடுத்துவிடும். நம் வீடுகளில் இதற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பந்தியில் ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க’ என்பதுதான் நமக்கு மரியாதை. இலையை மூடுபவரைக் கோபித்துக்கொள்ளும் உறவுக்காரர்களுக்கும் யாராவது விளக்கிச் சொல்லியாக வேண்டும்.

கஷ்டமான கணக்கு புரதத்தில் இருக்கிறது. தசை கரையாமல் இருக்க ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஓர் இட்லியில் ஏறத்தாழ இரண்டு கிராம், ஒரு முட்டையில் ஆறு, 100 மில்லி பாலில் மூன்று. கையளவு கூடக் கொள்ளாத வயிற்றில், சோறும் இட்லியும் தோசையுமாகவே ஓடும் நம் சமையலை வைத்துக்கொண்டு 60 கிராம் தேற்றுவது, அதிலும் சைவக்காரர்களுக்கு, லேசுப்பட்ட காரியமல்ல. பன்னீர், சுண்டல், சோயா, புரதப்பொடி என்று அடுப்படியையே மாற்ற வேண்டியிருக்கும். பலருக்கு மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் மனம் உடைந்துபோகும். எடை வேகமாக இறங்குவதால் பித்தப்பையில் கல் வரலாம். பெண்கள் ஒன்றிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குக் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை இறங்கினால் கரு தங்கும் வாய்ப்பு கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். விடாத வாந்தி இருந்தால் வைட்டமின் பி1 தீர்ந்துபோய் மூளையே பாதிக்கப்படலாம். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரையோ ஊசியோ உண்டு. இதில் பி12 சூழ்ச்சிக்காரி. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று செக்கப் போவதை நிறுத்திய பிறகுதான் கால் மரத்துப்போகும், நினைவு தடுமாறும்.

மனதின் பக்கத்தைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. சாப்பாட்டில் ஆறுதல் தேடியவருக்கு அந்த வாசல் அடைபடும்போது வேறு வாசல் திறக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு மது வேகமாகவும் அதிகமாகவும் ஏறும். இரண்டாம் ஆண்டில் குடிநோய் கூடுவதை அமெரிக்காவில் 2012இல் பதிவு செய்தார்கள். யூட்டா மாநிலத்தில் 2007இல் வந்த ஆய்வொன்றில் அறுவை செய்தவர்களிடையே மொத்த மரணங்கள் 40 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற, நோயல்லாத காரணங்களால் நேர்ந்த மரணங்கள் கூடியிருந்தன. இது அறுவைக்கு எதிரான வாதமல்ல. மனநல மருத்துவரை முன்னும் பின்னும் பார்ப்பது சம்பிரதாயக் கையெழுத்தாகிவிடக் கூடாது என்பதற்கான வாதம்.

இப்போதுதான் எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே, கத்தி எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த ஊசி மருந்துகளில் செமாக்ளுடைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம், டிர்ஸெபடைடின் உயர்ந்த அளவு 72 வாரத்தில் 21 சதவீதம் எடையைக் குறைத்தன. 2025 முதல் எடைக் குறைப்புக்கான இந்த ஊசிகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. பலருக்கு அறுவையே தேவைப்படாமல் போகும், நல்லது. ஆனால் செமாக்ளுடைடை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. மாதா மாதம் ஊசிக்குச் செலவழிக்க முடியாதவருக்கும் எடை மிக அதிகமானவருக்கும் அறுவை இன்னும் கணக்கில் இருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் நீண்டகாலச் சிகிச்சைதான்.

யாருக்கு என்பதிலும் கவனம் வேண்டும். உலக, அமெரிக்க எடைக் குறைப்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022இல், ஆசியர்களுக்கு 27.5 பிஎம்ஐயிலிருந்தே (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) அறுவையை முன்வைக்கலாம் என்றன. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 75 கிலோ. அடங்காத சர்க்கரை இல்லாத 75 கிலோக்காரருக்குக் கத்தி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியக் காப்பீட்டு ஆணையத்தின் 2019 விதி மறுமுனையில் நிற்கிறது: பிஎம்ஐ 40, அல்லது 35உடன் இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), அடங்காத சர்க்கரை போன்றவை இருந்தால்தான் அறுவைக்குப் பணம். அதே 165 செ.மீ. உயரத்துக்கு 35 என்பது 95 கிலோ. இந்திய உடலில் சர்க்கரை அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது.

தகுதி இருக்கிறது, செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தவர் மருத்துவமனையில் பேக்கேஜ் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: மூன்றாம் ஆண்டில் என்னை எந்த டயட்டீஷியன் பார்ப்பார், வருடாந்தர ரத்தப் பரிசோதனைக்கும் சத்து மாத்திரைக்கும் எவ்வளவு ஆகும், மனநல மருத்துவர் உங்களிடம் இருக்கிறாரா, நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்? பதில் எழுத்தில் வராவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.